சுவடில்லாமல் போன மூதூர்ப் படகு

துப்புரவில் எனக்கு ஒரு காலத்தில் அளவுகடந்த பெருமை இருந்தது. என் அறையைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். நான் சொல்வது கணினிக்குள் இருக்கும் துப்புரவை.

அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தேன். (அம்மாவிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.) லிங்கநகர் வீட்டின் முன்னறையில் இருந்துகொண்டு, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் வெளியீடு ஒன்றுக்குத் தன்னார்வலனாக மென்பொருள் பொதி கட்டினேன். ஜாவாவில் எழுதிய வலைச் செயலிகளை ஏற்றி ஓடவிடும் ஒரு சேர்வர். அதை எவரும் ஒரே கட்டளையில் நிறுவவும், வேண்டாமென்றால் ஒரே கட்டளையில் நீக்கவும் வசதியாகக் கட்டிக் கொடுப்பதுதான் என் பொறுப்பு. பொதிகளைச் சரிபார்த்து ஏற்பவர் எங்கோ ஒரு குளிர் நாட்டில் இருந்தார். மூன்று தரம் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று தரமும் ஒரே குறை: நீக்கிய பிறகும் ஏதோவொரு கோப்புறை மிஞ்சிக் கிடக்கிறதாம். எனக்கு ரோசம் வந்துவிட்டது. நீக்கும்போது சேர்வரின் கோப்புறைகளை அடியோடு அழித்துவிடும் ஒரு வரியை எழுதினேன்.

வீட்டில் இருந்தது ஒரேயொரு மடிக்கணினி. அக்கா வசந்தியும் தன் டிப்ளோமாவின் கடைசிச் செயல்திட்டத்தை அதில்தான் செய்தாள். எங்கள் துறைமுகத்திலிருந்து மூதூருக்கு ஓடும் படகுக்கு வீட்டிலிருந்தே இருக்கை பதியும் வலைச் செயலி. நான்கு மாத உழைப்பு. தம்பி கட்டிய பொதி என்ற பாசத்தில் அதை என் சேர்வரிலேயே ஏற்றி, அதன் கோப்புறைக்குள்ளேயே திருத்தித் திருத்தி எழுதிவந்தாள். வேறு பிரதி கிடையாது. அன்று பின்னேரம் மூன்று மணிக்குப் பரீட்சகர் முன் ஓட்டிக் காட்ட வேண்டும். அதில் தேறினால் கொழும்பில் ஒரு வேலை காத்திருந்தது.

முற்பகல் பதினொரு மணி. வெளியே மதில் நிழலில் இரண்டு மான்கள் நின்று அசைபோட்டன. மரங்களுக்கு மேலாகத் துறைமுகம் ஒரு துண்டு தெரிந்தது. அதில் ஒரு கப்பல். கனநேரம் பார்த்தால் கப்பல் நிற்கிறதா, நான் மிதக்கிறேனா என்று பிடிபடாது. அந்த மிதப்பில் எனக்கு உலகமெல்லாம் தெரிந்தது. பெயர் தெரியாத ஊர்களில் ஆட்கள் என் பொதியை நிறுவினார்கள், நீக்கினார்கள். ஒரு தூசியும் மிஞ்சவில்லை. குளிர் நாட்டுக்காரர் கண்கலங்கி எனக்குக் கடிதம் எழுதினார். அவர் எழுதி முடிப்பதற்குள் என் கை தன்பாட்டில் நீக்கும் கட்டளையை அடித்துவிட்டது.

பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஒவ்வோர் இடமாகத் தேடினேன். எங்கும் ஒன்றுமில்லை. சந்தோசத்தில் நெஞ்சு நிறைந்துபோனது.

“அக்கா, ஒருக்கா வந்து பாருங்கோவன்” என்று குசினிப் பக்கம் கூப்பிட்டேன். (ஓம், நானேதான் கூப்பிட்டேன்.)

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “என்னத்தைப் பாக்கிறது? ஒண்டையும் காணேல்லையே.”

“அதுதான் அக்கா. ஒண்டுமே மிஞ்சேல்லை.”

“உள்ளுக்கு என்ட படகு இருந்ததெல்லோ?”

என் மிதப்பு அந்த இடத்தில் நின்றது.

“திருப்பி எடுக்க ஏலுமோ?”

“ஏலாது, அக்கா.”

அவள் கதிரையில் இருந்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். “உள்ளுக்கு ஆரின்டையும் சாமான் கிடக்கோ எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தம்பி” என்றாள். அவ்வளவுதான். பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்தாள். செயலியின் ஒவ்வொரு திரையையும் முதலில் அதில் பென்சிலால் கீறி வைத்திருந்தாள்.

மூன்று மணிக்கு அவள் கொப்பியோடு போனாள். நான் வெறும் மடிக்கணினியைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். (எதற்கென்று எனக்கே தெரியாது.)

“சேர், இந்தப் பொத்தானை அமத்துங்கோ” என்றாள் அக்கா. பரீட்சகர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பென்சில் பொத்தானை விரலால் அமத்தினார். அக்கா பக்கத்தைப் புரட்டினாள். “இப்ப உங்களுக்குக் யன்னலோரச் சீற் கிடைச்சிட்டுது.” ஏழு பக்கம் புரட்டி மனிதரை மூதூரில் இறக்கிவிட்டாள். அவர் சிரிக்காமல் இரண்டு கிழமை தவணை கொடுத்தார்.

அந்த இரண்டு கிழமையும் அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். படகு மறுபடி ஓடியது, அக்கா தேறினாள். ஆனால் கொழும்பு வேலை அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. இப்போது எங்கள் நகரத்திலேயே நல்ல வேலையில் இருக்கிறாள் என்றாலும், அந்தக் கொழும்பு வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அந்த அழிக்கும் வரியை எடுத்துவிட்டு அதனிடத்தில் ஒரு கேள்வியை வைத்தேன். நாலாம் தரம் பொதி ஏற்கப்பட்டது. இன்று உலகத்தில் எவர் அந்தச் சேர்வரை நீக்கினாலும், உள்ளே யாருடைய பொருளாவது இருக்கிறதா என்று அது முதலில் கேட்கும். அது அக்காவின் கேள்வி என்பது அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போன கிழமை சாப்பாட்டு மேசையில் கிடந்த கோப்பையைக் கழுவலாம் என்று தூக்கினேன். கணினியைத் தொட்டே பார்த்திராத அம்மா இருந்த இடத்திலிருந்து கேட்டார்: “தம்பி, உள்ளுக்கு ஆரின்டையும் கிடக்கோ?”

குனிந்து பார்த்தேன். அக்காவின் தேத்தண்ணி பாதி இருந்தது.