பிளோறன்ஸுக்கு அளவான துவக்கு

என் வீட்டுக்குள் துவக்கும் தோட்டாவும் வராது. இது நான் எடுத்த முடிவு. ஜெர்மனியின் எசன் நகரத்தில், மூன்றாம் மாடியில், என் பெயர் எழுதிய கதவுக்கு உள்ளே நின்று, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு உரத்த குரலில் எடுத்த முடிவு. கேட்பதற்கு வீட்டில் ஒருவரும் இல்லை. மனுசி வேலைக்குப் போயிருந்தாள். அவள் போன பிறகுதான் நான் முடிவுகளை எடுப்பது வழக்கம்.

என் பெயர் சில்வெஸ்டர். வயது ஐம்பத்திரண்டு. சாமான் கிடங்கு ஒன்றில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறேன். வேலையில் இரண்டு தொன் தூக்குவேன். வீட்டில் குரலைக்கூடத் தூக்குவதில்லை. மனுசி பிளோறன்ஸ் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். உயரம் நாலடி பத்தங்குலம். அவளைச் சின்ன ஆள் என்று நினைத்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். இப்போது அவர்கள் எல்லாரும் அவளைக் கண்டால் எழும்பி நிற்கிறார்கள்.

தொடங்கியது ஒரு மானில். போன வருசத்துக்கு முந்தின நவம்பர், காலை ஆறரை மணி. இருவரும் வேலைக்குப் போகிறோம். வெர்டனுக்குப் போகும் காட்டு றோட்டில் மான் ஒன்று குறுக்கே பாய்ந்தது. நான்தான் ஓட்டினேன். இடித்த சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் மான் சாகவில்லை. பின்னங்கால் இரண்டும் முறிந்து, முன்னங்காலால் எழும்பப் பார்த்தது. விழுந்தது. திரும்ப எழும்பப் பார்த்தது. மான் கத்தும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பொலிசுக்குப் போன் அடித்தோம். அவர்கள் அந்தக் காட்டை வேட்டைக்குக் குத்தகை எடுத்தவருக்கு அடித்தார்கள். அவர் வந்து சேர ஐம்பது நிமிசம். பிளோறன்ஸ் அவ்வளவு நேரமும் மானுக்குக் கொஞ்சம் தள்ளி, ஈரப் புல்லில் குந்திக்கொண்டிருந்தாள். நான் காருக்குள் இருந்தேன். கண்ணை மூடி, காதைப் பொத்தி, றேடியோவை முழுச் சத்தத்தில் விட்டிருந்தேன். கடைசியில் ஒரு வெடி. அதோடு எல்லாம் அடங்கியது.

அடுத்த கிழமை அவள் வேட்டைக்காரர் வகுப்பில் சேர்ந்தாள்.

ஒரு வருசம் படித்தாள். மானின் பல்லைப் பார்த்து வயது சொல்லப் படித்தாள். வேட்டை நாய்க்கு வரும் நோய் வருத்தங்கள், காட்டுச் சட்டம், துவக்கைக் கழற்றிப் பூட்டுவது எல்லாம் படித்தாள். பெரிய பெரிய ஜெர்மன்காரர்களே இரண்டாம் தரம் எழுதும் சோதினை அது. இவள் முதல் தரத்திலேயே பாஸ். பிறகு குத்தகைக்காரரைப் போய்ப் பார்த்து, அந்த றோட்டுக்குத் தன் பெயரையும் பொலிசில் பதிவித்துவிட்டாள்.

"இனி அந்த றோட்டில மான் அடிபட்டா எனக்குத்தான் போன் வரும். ஏழு நிமிசத்தில போயிடுவன்."

"எதைக் கொண்டு போவீர்?"

"துவக்கு வாங்கத்தானே வேணும்."

"அந்த மனுசனே வந்து சுடட்டுமேயப்பா."

"அவர் வர அம்பது நிமிசம்."

"உமக்கு ஒரு முட்டை அவிக்கவே பத்து நிமிசம் எடுக்குது."

"முட்டை கத்தாது," என்றாள்.

அதற்கு மேல் என்ன சொல்வது? ஒன்று சொல்லியிருக்கலாம். உண்மையான காரணத்தைச் சொல்லியிருக்கலாம். அதை நான் இருபத்தாறு வருசமாக அவளுக்குச் சொன்னதில்லை. ஆகவே சூழ்ச்சி செய்தேன். உண்மை சொல்லப் பயந்த புருசனுக்குச் சூழ்ச்சி ஒன்றுதானே துணை.

துவக்குக் கடையில் ஒரு சனிக்கிழமைக்கு நேரம் குறித்து டெர்மின் எடுத்திருந்தாள். நான் வெள்ளிக்கிழமையே அவளுக்குத் தெரியாமல் கடைக்குப் போன் பண்ணினேன். "மனுசிக்கு ஒரு துவக்கு வேணும். உங்களிடம் உள்ளதிலேயே நீளமானது, பாரமானது, பலமாக உதைக்கிறது. அதை எடுத்து வையுங்கோ," என்று என் நல்ல ஜெர்மனில் சொன்னேன்.

கடைக்காரி கொஞ்சம் யோசித்தாள். "உங்கள் மனைவி பெரிய உருவமோ?"

"வீட்டில் அவதான் பெரியவ," என்றேன். பொய் இல்லைத்தானே.

என் கணக்கு இதுதான். ஒரு வெடி. தோள் கண்டிக் கறுத்துப்போகும். அழுவாள். துவக்கு வேண்டாம் என்பாள். கட்டின மனுசியின் தோளை உடைக்கத் திட்டம் போட்டுவிட்டு அதற்கு அன்பு என்று பெயர் வைத்து, அன்றிரவு நன்றாகவும் தூங்கினேன். இதை எழுதக் கை கூசுகிறது.

கடைக்காரியின் பெயர் அன்னா. துவக்குச் செய்யவும் திருத்தவும் முறையாகப் படித்தவள். கறுப்பு ஏப்ரனில் எண்ணெய்க் கறை. பிளோறன்ஸ் உள்ளே வந்ததும் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பார்க்க அதிகம் இருக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்கள் கணவர் போனில் கேட்ட துவக்கு இது," என்று மேசையில் வைத்தாள். காட்டுப்பன்றி சுடுவது. தொலைநோக்கியோடு சேர்த்து ஐந்து கிலோ. நிமிர்த்தினால் பிளோறன்ஸின் கன்னம் வரை வந்தது.

பிளோறன்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கள் கேட்டனீங்களோ?"

"நல்லதா ஒண்டு எடுப்பம் எண்டு..."

"ஓ," என்றாள். அந்த ஓவுக்குள் பல விஷயங்கள் இருந்தன.

"இது உங்கள் மனைவிக்குச் சரிவராது," என்றாள் அன்னா.

"பரவாயில்லை. சுட்டுப் பாக்கிறன்," என்றாள் பிளோறன்ஸ்.

கடைக்குக் கீழே, நிலத்துக்கு அடியில் நீளமாக ஒரு சுடும் அறை. அதன் மறு அந்தத்தில் கடதாசியில் அச்சடித்த மான். எங்கள் காதுகளுக்குக் கவசம் தந்தார்கள். பிளோறன்ஸ் துவக்கைத் தூக்கினாள். தோளில் ஊன்றும் அதன் பின்கட்டை அவள் தோளுக்குள் அடங்கவில்லை, கைச் சதையில் போய்க் குந்தியது. விசையை எட்ட விரலை இழுத்து நீட்டினாள். தொலைநோக்கியை எட்டக் கழுத்தை நீட்டினாள். அன்னா தடுப்பதற்குள் வெடித்தது.

அடுத்ததாக எனக்குத் தெரிந்தது, நான் மேசைக்குக் கீழே இருக்கிறேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். பல் அடிக்கிறது.

அன்னா குனிந்து பார்த்தாள். "ஏதும் தேடுகிறீர்களா?"

"சட்டைப் பொத்தான் ஒண்டு விழுந்திட்டுது."

மேலே பிளோறன்ஸ் துவக்கைக் கீழே வைத்துவிட்டுக் கடதாசி மானை அருகே இழுக்கச் சொன்னாள். கம்பியில் ஓடி வந்தது. ஓட்டை வயிற்றில், பின்பக்கமாக இருந்தது. நான் மேசைக்கு அடியில் இருந்தே கண்டேன்.

அவள் அந்த ஓட்டையில் விரலை வைத்தாள். "இது செத்திருக்காது," என்றாள். "குடல் தொங்கத் தொங்க ஓடியிருக்கும். எங்கயாவது பத்தைக்குள்ள கிடந்து, நாளைக்குத்தான் செத்திருக்கும்."

கண்டிய தோளின் கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை.

பிறகு அவளும் குனிந்து, மேசைக்குக் கீழே வந்து என் பக்கத்தில் இருந்தாள். அவள் உயரத்துக்கு அது வசதியாகவே இருந்தது.

"இஞ்சரும்," என்றேன். "உமக்கு நான் ஒண்டு சொல்லேல்ல."

"சொல்லுங்கோ."

"ஊரில... என்ர அண்ணை பென்ஜமின். கடுமையா ஷெல் அடிச்ச நாள். ரெண்டு பேரும் சைக்கிள்ல வந்தனாங்கள். நான் மதகுக்குள்ள பாஞ்சிட்டன். அவன் றோட்டில விழுந்திட்டான். கால் ரெண்டும்..." நான் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டேன். "பின்னேரம் வரைக்கும் என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டவன். நான் போகேல்ல. கண்ணை மூடிக் காதைப் பொத்திக்கொண்டு இருந்தனான்."

"தெரியும்," என்றாள்.

நான் தலையை நிமிர்த்தினேன். மேசை இடித்தது. "ஆர் சொன்னது?"

"உங்கட கொறற்றி அக்கா. கலியாணத்துக்கு முதலே சொன்னவ. தம்பி நித்திரையில கத்துவான், பயப்பிடாதை எண்டு."

"பிறகேன் நீர் ஒரு நாளும் கேக்கேல்ல?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தன்."

"இருபத்தாறு வருசமோ?"

"நீங்கள் எதுக்குத்தான் நேரத்துக்குக் கெதியா வந்தனீங்கள்?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஒன்றையும் முழுதாகச் செய்ய முடியவில்லை. "எல்லாம் தெரிஞ்சுகொண்டே துவக்கு வாங்கப் போறீரோ?"

"தெரிஞ்சபடியாத்தான்." அவள் என் சட்டைக் கையால் என் மூக்கைத் துடைத்தாள். "அண்டைக்கு நான் புல்லில இருந்து மானை மட்டும் பாக்கேல்ல. காருக்குள்ள உங்களையும் பாத்தனான். அந்த றோட்டால நாங்கள் ஒவ்வொரு நாளும் போறம். இன்னொரு மான் வரும். அப்பிடி ஒரு அம்பது நிமிசம் இனி உங்களால ஏலாது. உங்களைப் பாத்துக்கொண்டிருக்க என்னாலயும் ஏலாது."

துவக்கு வரக்கூடாது என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே காரணம் அது. அவளிடம் அதுவே துவக்கு வாங்குவதற்குக் காரணமாக இருந்தது. இப்படிப்பட்டவளோடு ஒரு மனுசன் எப்படி வாதாடுவது?

அன்னாவின் தலை மறுபடி தெரிந்தது. "பொத்தான் கிடைத்ததா?"

"கிடைச்சிட்டுது," என்றாள் பிளோறன்ஸ். "இனி எனக்கு அளவான துவக்கைக் காட்டுங்கோ."

அன்னா முதலில் பெண்களுக்கென்று விற்கிற துவக்கு ஒன்றை எடுத்தாள். கட்டையில் இலையும் கொடியும் செதுக்கியிருந்தது.

"மான் இலையைப் பாக்கப் போறதில்லை," என்றாள் பிளோறன்ஸ்.

அன்னா சிரித்தாள். "உண்மை. அளவும் ஆண்களுடையதுதான். இலை மட்டும்தான் கூடுதல்."

அதன் பிறகுதான் வேலை தொடங்கியது. அன்னா பிளோறன்ஸைக் குளிர்ச்சட்டையோடு நிற்க வைத்தாள். காட்டில் அந்தச் சட்டை போட்டுக்கொண்டுதானே சுடுவது, அதன் தடிப்பையும் சேர்த்து அளக்க வேண்டுமாம். விசையில் இருந்து தோள் வரைக்கும் அளந்தாள். விரலை அளந்தாள். கழுத்தை அளந்தாள். அளவு நாடாவின் மற்ற அந்தத்தை என்னிடம் தந்தாள். நான் பிடித்தேன்.

"ஆள் கட்டை," என்றேன் மெதுவாக. "கட்டையும் கட்டையா இருக்கவேணும்."

"இண்டைக்குத்தான் நீங்கள் உருப்படியா ஒண்டு சொன்னது," என்றாள் மனுசி.

பாரம் குறைந்தது நல்லது என்று நான் நினைத்தேன். அன்னா தலையை ஆட்டினாள். மிகவும் பாரமில்லாத துவக்கு அதிகம் உதைக்குமாம். பாரத்தைக் கண்டபடி குறைக்காமல், மெதுவாக உதைக்கிற, ஆனால் மானுக்குத் தாராளமாகப் போதுமான தோட்டாவாகத் தெரிவு செய்தாள். குழல் குட்டை. பிடி மெல்லிசு. கட்டையில் இரண்டு துண்டைக் கழற்றி நீளத்தைக் குறைத்தாள். கன்னம் வைக்கிற இடத்தைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

"கண்ணை மூடுங்கள். துவக்கைத் தோளில் வையுங்கள். இப்போது திறவுங்கள். தொலைநோக்கியில் என்ன தெரிகிறது?"

"வட்டம். ஆனா ஒரு பக்கம் கறுப்பு."

அன்னா அந்தக் கன்ன இடத்தை இன்னும் அரைச் சென்டிமீற்றர் உயர்த்தினாள். மனுசி திரும்பக் கண்ணை மூடினாள், திறந்தாள்.

"முழு வட்டம்," என்றாள் பிளோறன்ஸ். அவள் குரல் மாறியிருந்தது. கழுத்தை நீட்டவில்லை, தோளை உயர்த்தவில்லை. ஆள் எப்போதும் போலவே நின்றாள். துவக்குத்தான் அவளிடம் வந்திருந்தது.

கண்டிய பக்கத்துத் தோளிலேயே வைத்து ஐந்து வெடி வைத்தாள். நான் மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் கண்ணை மூடவில்லை. கடதாசி மான் ஓடி வந்தது. முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னால், உள்ளங்கையால் மறைக்கக்கூடிய இடத்துக்குள் ஐந்து ஓட்டை.

"இது விழுவதற்கு முன்பே செத்திருக்கும்," என்றாள் அன்னா.

பிளோறன்ஸ் துவக்கை மேசையில் வைத்தாள். என் கையைப் பிடித்தாள். அவளுடைய கை குளிர்ந்திருந்தது.

மனம் மாறிவிட்டேன் என்றுதான் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தோற்ற புருசனுக்கும் ஒரு கடைசி ஆசை இருக்கும். அன்னா விற்பனைக் கடதாசிகளை நிரப்பும்போது எனக்கு ஒரு சட்டம் ஞாபகம் வந்தது. துவக்கைக் கண்டபடி வீட்டில் வைக்கேலாது. அதற்கென்று முத்திரை குத்தின இரும்புப் பெட்டி வேண்டும். நூறு கிலோ. எங்கள் வீடோ மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.

"பெட்டியில்லாமல் துவக்கு வீட்டுக்கு வரேலாதுதானே?" என்று மிகவும் அக்கறையோடு கேட்டேன். "அதைத் தேடி, வாங்கி, மேல தூக்கி... ஆறு மாசமாவது செல்லும்."

"பெட்டி போன செவ்வாய்க்கிழமையே வந்திட்டுது," என்றாள் பிளோறன்ஸ், கையெழுத்துப் போட்டபடி. "நீங்கள் வேலைக்குப் போன பிறகு கீழ்வீட்டுப் பரராசசிங்கம் அண்ணையும் அவற்ற மருமகனும் தூக்கி வந்து வைச்சவை. திறக்கிற இலக்கத்தை மட்டும் கேட்டுப்போடாதேங்கோ. சட்டப்படி உங்களுக்குச் சொல்லேலாது."

"எங்க வைச்சது? நான் காணேல்லயே!"

"அந்தோனியார் சுரூபத்துக்கு உயரமாப் புதுப்பீடம் ஒண்டு வைச்சனானெல்லே, வெள்ளை விரிப்புப் போட்டு? அதுதான்."

நாலு நாளாக விடியற்காலையில் அதற்கு முன்னால் முழந்தாளில் நின்று நான் அந்தோனியாரைக் கேட்டது, இந்தத் துவக்கு வீட்டுக்கு வரக்கூடாது என்றுதான்.