ஆறாம் நாள் உபயமும் விமலனின் ஃபைலும்

உ

புக்கிட் ரோத்தான்,
திங்கட்கிழமை காலை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை விமலன் அவர்களுக்கு,

மாமனார் அர்ஜுனன் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் இங்கே நலமாகவே இருக்கிறோம், என் வலது முழங்கால் நீங்கலாக. ரவாங்கில் நீங்களும் ஷர்மினியும் அம்பாள் அருளால் குறையில்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன என்று அத்தை கேட்டாள். வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. ஆகவே தபால்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். நம் மாரியம்மன் கோயில் திருவிழாவின் ஆறாம் நாள் உபயம் நம் கையை விட்டுப் போய்விட்டது, அல்லது போய்விட்டதா இருக்கிறதா என்றே தெரியாத நிலையில் இருக்கிறது, அது இன்னும் மோசம். என் அப்பா ரப்பர் தோட்டத்து லயத்தில் குடியிருந்து பால்மரம் சீவிய காலத்திலிருந்து அந்த ஒரு நாளின் அபிஷேகமும் அலங்காரமும் அன்னதானமும் நம் வீட்டுடையவை. இந்த வருஷம் பொதுக்கூட்டத்தில் லோகேஸ்வரன் எழுந்தார். அவரை உங்களுக்குத் தெரியும், உங்கள் கல்யாணத்தில் ரசத்தில் உப்பு இல்லை என்று மைக்கில் சொன்னவர். பரம்பரை பாத்தியதை எல்லாம் இனி வேண்டாம், இணையத்தில் யார் முதலில் பதிகிறாரோ அவருக்கே நாள் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஆறாம் நாள் இந்த முறை சனிக்கிழமை விழுவது அவருக்குத் தற்செயலாகத் தெரிந்திருந்தது. நான் செயலாளர், எதிர்த்துப் பேசினால் சொந்த நாளுக்காகப் பேசுகிறேன் என்பார்கள். உண்மையும் அதுதான் என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன். எனக்குப் பிறகு இந்த நாள் யாருக்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஒரே பெண், அவளும் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் கண் மூடும்வரையாவது அது நம் வீட்டில் இருக்கட்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது, மாப்பிள்ளை.

போன வருஷம் அர்ச்சனைப் பதிவுக்கு ஒன்பது மணிக்கு எல்லாரும் ஒன்றாக நுழைந்து அந்தப் பழைய வலைத்தளம் படுத்துவிட்டதால், இந்த முறை நீங்கள் அதை கிளவுடில் ஏற்றிக் கொடுத்தீர்கள். ஒரே செயலி மூன்று கண்டெய்னரில் ஓடும், வாசலில் லோட் பேலன்சர் என்று ஒன்று நின்று வருகிறவர்களை மூன்றுக்கும் பிரித்து அனுப்பும் என்றீர்கள். அது எனக்கு உடனே புரிந்தது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் மண்டோர் வேலையாட்களைப் பிரித்துப் பால்மரக் காட்டுக்கு அனுப்புகிற மாதிரி. எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் எழுதி வைத்திருக்கிறோம், எத்தனை வேண்டும், என்ன பெயர், எந்த வாசல் என்று ஃபைல் சொன்னால் இயந்திரமே படித்துக் கட்டிக்கொள்ளும், யாரும் கை வைக்க வேண்டியதில்லை என்றும் சொன்னீர்கள். பிறகு என்னைத் தனியாக அழைத்து ஒரு முகவரியையும் ஃபைலின் ஒரு பிரதியையும் கொடுத்து, "மாமா, இத உங்களுக்குன்னே தனியா கட்டி வச்சிருக்கேன். இதுல என்ன வேணும்னாலும் மாத்திப் பாருங்க லா, ஒன்னும் ஆகாது" என்றீர்கள். செயலாளர் என்ற முறையில் எனக்குக் கொடுத்த மரியாதையாகவே அதை ஏற்றுக்கொண்டேன்.

முப்பத்தோரு வருஷம் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன் நான். பிள்ளையார் சுழி போடாமல் ஒரு தாளைத் தொட்டதில்லை. ஃபைலின் முதல் வரியில் சுழி போட்டேன். இயந்திரம் அதைப் படிக்க மாட்டேன் என்று சிவப்பெழுத்தில் சொல்லிவிட்டது. நிர்வாகக் குழுவில் இது ஒரு மணி நேரம் விவாதிக்கப்பட்டது. கடைசியில் ஷர்மினிக்கு ஃபோன் போட்டதில், முன்னால் # என்று ஒரு வேலிக் குறி போட்டால் அந்த வரியை இயந்திரம் கண்டுகொள்ளாமல் போய்விடும் என்றாள். பிள்ளையாரை வேலிக்குப் பின்னால் உட்கார வைத்தேன். அவர் அனுசரித்துப் போகிறவர், ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து, மூன்று. மூன்று பேராக ஒரு காரியத்துக்குக் கிளம்பக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பெண் பார்க்க வந்தபோது நீங்களே நாலு பேராகத்தான் வந்தீர்கள். மூன்றை அழித்து நாலு என்று எழுதினேன். இரண்டே நிமிஷத்தில் நாலாவது எழுந்து நின்றது, முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் என்று எதுவும் இல்லாமல். இதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது என்பதை மறைக்க மாட்டேன். பக்கத்து ஊர் சுங்கை பஞ்சாங் பக்தர்களுக்கென்று ஒரு தனி வாசலை ஃபைலில் எழுதாமல் கையாலேயே திறந்துவிட்டேன். மறுநாள் இயந்திரம் ஃபைலை எடுத்துப் படித்தது, அப்படி ஒரு வாசல் எழுதப்படவில்லையே என்று அடைத்துவிட்டுப் போயிற்று. எனக்குக் கோபம் வரவில்லை. தோட்டத்தை விற்றபோது செக்ரோல் ஆள்பதிவில் பெயர் இல்லாதவர்களுக்கு வீடு கிடையாது என்று எழுதிக் கொடுத்தவனும் நான்தான். அன்றைக்கு எனக்கு இருந்த அளவு இரக்கம் அதற்கும் இருந்திருக்கும் போலிருக்கிறது.

ஆனால் நலம் விசாரிக்கிற விஷயத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முப்பது விநாடிக்கு ஒரு தடவை நன்றாக இருக்கிறாயா என்று ஒவ்வொரு கண்டெய்னரையும் கேட்பதும், இரண்டு தடவை பதில் வராவிட்டால் அதைக் கொன்றுவிட்டு வேறொன்றைக் கொண்டுவருவதும் என்ன நியாயம்? தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் எவ்வளவு கெடுபிடியானவர், அவர்கூட இரண்டு நாள் எம்.சி. லீவு கொடுப்பார். முப்பதை ஆயிரம் ஆக்கினேன், ஒத்துக்கொள்ளவில்லை. முந்நூறுக்கு இறங்கி வந்து சமாதானமானோம்.

இனி ஞாயிற்றுக்கிழமை. காலையில் குளித்துத் திருநீறு பூசி, நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்தேன். ஒன்பது அடித்ததும் ஆறாம் நாளுக்கு நம் வீட்டுப் பெயரைப் பதிந்தேன். பதிவு ஏற்கப்பட்டது என்று பச்சையில் வந்தது. கண் கலங்கிவிட்டது, அத்தை கேட்டதற்கு வெங்காயம் என்றேன், அடுப்பே பற்ற வைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எண்ணிக்கை ஒன்றிலேயே நின்றது. ஒன்பதே கால், ஒன்பதரை, ஊரில் ஒருவர்கூட வரவில்லை. நாலு கண்டெய்னரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. என்ன குறை என்று ஃபைலைப் பார்த்துக்கொண்டே போனதில், பதிவுகளைச் சேமித்து வைக்கிற இடத்துக்கு வெறும் டிபி ஒன்று என்று பெயர் இருந்தது. அம்மன் காரியத்துக்கு இப்படியா பெயர் வைப்பது? ஸ்ரீமாரியம்மன் என்று மாற்றினேன். இயந்திரம், ஒன்று சேர்க்கப்படும், ஒன்று அழிக்கப்படும், சம்மதமா என்று கேட்டது. வரவும் செலவும் சரியாக இருந்ததால் சம்மதம் என்றேன்.

அழிக்கப்பட்டதில் என் பதிவும் இருந்தது. புதிய பெயர் கண்டெய்னர்களுக்குத் தெரியாததால் அவற்றுக்கு மூச்சு நின்றது. சாகடிப்பதும் புதிதாகக் கொண்டுவருவதுமாக மத்தியானம் முழுக்க நடந்தது, நான் வைத்த முந்நூறு விநாடி தவணையில், ஆற அமர. திரையில் தளம் கிடைக்காதுங்கிற 503 எண்ணைத் தவிர வேறெதுவும் வரல. உங்களுக்கு ஒம்பது தடவ கூப்பிட்டேன், எடுக்கல. ஷர்மினியக் கூப்பிட மனசு வரல. கட்டிக்குடுத்த பொண்ணை நம்ம வீட்டு நாளுக்காக இழுக்குறது முறையில்லன்னு விட்டுட்டேன். சாயங்காலம் லோகேஸ்வரன் மோட்டார்சைக்கிள்ல போனாரு. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனாரு. அவருக்கும் கிடைக்கலன்னு அந்த ஒன்னுலதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஆகவே, வரும் ஞாயிறு நீங்கள் நேரில் வந்து இந்தக் கிளவுடை இறக்கிக் கொடுத்துவிட வேண்டும். பதிவை நோட்டுப் புத்தகத்தில் மறுபடி நடத்தும்படி குழுவுக்கு எழுதிவிட்டேன். செயலாளர் பதவியிலிருந்து விலகும் கடிதமும் தயார், இன்று மாலை கொடுக்கிறேன். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒன்றும் ஆகாது என்று நீங்கள் சொன்னதை நான் நம்பினேன்.

நீங்களும் ஷர்மினியும் நோய் நொடியில்லாமல், பேரும் பிள்ளையுமாகப் பல்லாண்டு வாழ ஆறாம் நாள் அம்மனையும் மீதி ஒன்பது நாள் அம்மனையும் வேண்டிக்கொள்ளும்,

அன்பு மாமனார்,
அர்ஜுனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஷர்மினி கூப்பிட்டாள். மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஒரே ஃபைலைக் கொண்டு அச்சு அசலாக இரண்டு கட்டியிருந்தீர்களாம், ஊருக்கு ஒன்று, நான் கை வைத்துப் பார்ப்பதற்கென்று ஒன்று. ஊருக்கானது மூன்று கண்டெய்னரோடு ஒரு குறையுமில்லாமல் ஓடி, ஏழு நிமிஷத்தில் பத்து நாளும் முடிந்துவிட்டதாம். ஆறாம் நாளை யார் எடுத்தது என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்: "நான்தான் எடுத்தேன்பா. ஒம்பது மணி நாலாவது செகண்ட்ல. லோகேஸ்வரன் மாமா பத்தாவது செகண்ட்ல வந்தாரு. நம்ம வீட்டு நாள வேற யாருக்குக் குடுப்பேன்?" நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து பதியச் சொன்னீர்களாம். அத்தைக்கு இது நேற்றுக் காலையே தெரியுமாம், நான் கேட்கவில்லையாம். விலகல் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். குழுவுக்கு எழுதியதைத் திரும்ப வாங்க இப்போது போகிறேன். பட்டியலில் உபயதாரர் ரவாங் விமலன், ஷர்மினி குடும்பத்தார் என்று இருக்கிறது, இரண்டு தடவை படித்தேன். ஆறாம் நாள் இனி உங்கள் வீட்டு உபயம். ஆகவே நீங்கள் இருவரும் தாம்பாளத்தோடு நேரில் வந்து எங்களை முறைப்படி அழைக்க வேண்டும். அழைக்காத இடத்துக்குப் போய் எங்களுக்குப் பழக்கமில்லை, தயவுசெய்து மறக்காமல் அழைக்கவும்.