முடியாதுங்க என்றொரு மனிதர்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே 'முடியாது' என்று வாய் திறந்து சொல்லத் தெரிந்த ஒரே ஆசாமி எங்கள் ஆபீசில்தான் இருந்தார். சரவணம்பட்டியில் எனக்குப் பக்கத்து சீட். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். பட்டப்பெயரே 'முடியாதுங்க'.

நாங்களெல்லாம் வேறு ரகம். எதைக் கேட்டாலும் "ஆகட்டுங்க". தலையே போனாலும் "பாக்கலாமுங்க". மேனேஜர் சிரித்தபடி அவரிடம் வருவார்.

"ஏனுங்க, இன்னிக்குக் கொஞ்சம் இருந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போறீங்களா?"

"முடியாதுங்க. ஆறு மணிக்கு ஷட்டில் ஆடப் போகோணுங்க."

காய்ச்சல் என்று ஒரு பொய்யாவது சொல்லக்கூடாதா, பாவி மனுஷன்! ஆபீஸ் விருந்தில் மூன்றாவது போளி வைக்க வந்தவருக்கும் அதே பதில்தான். நான் ஐந்து தின்றுவிட்டு மத்தியானம் முழுக்க நெளிந்தேன்.

வம்பு காதுகுத்தில் வந்தது. அந்தியூரில் என் தங்கச்சி மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தணும். இருப்பதோ நான் ஒரே ஒரு மாமன். "வந்துபோடறேன் அம்மணி" என்று தங்கச்சியிடம் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை மேனேஜர், "ஞாயித்துக்கிழமை ஆபீஸ் வந்துருங்க" என்றார். "ஆகட்டுங்க" என்றுவிட்டேன். வாய் அப்படிப் பழகிக் கெட்டுப்போச்சு.

சனிக்கிழமை முடியாதுங்கவுக்குப் போன் போட்டேன்.

"எனக்குப் பதிலா நாளைக்கு நீங்க போறீங்களா?"

"முடியாதுங்க."

"ஏனுங்க, வேலை இருக்குதுங்களா?"

"சும்மாதானுங்க இருக்கறேன். மொதல்ல நீங்க வரலைன்னு அவருகிட்டச் சொல்லுங்க. உங்களை யாரு கட்டிப்போட்டிருக்கறா?"

இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று போனை வைத்தேன். யோசித்தால், யாரும் கட்டிப்போடவில்லைதான். மேனேஜரைக் கூப்பிட்டேன். "நாளைக்கு முடியாதுங்க. மருமகனுக்குக் காதுகுத்துங்க."

"அடடே, முன்னாடியே சொல்றதில்லீங்களா? போயிட்டு வாங்க."

அவ்வளவுதான்! இதுக்கா பதினாறு வருஷம் பயந்து செத்தேன்? நாட்டுக்கு எப்பவோ கிடைத்த சுதந்திரம் எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் கிடைத்தது.

மடியில் மருமகன் வீறிட்டான். நானும் கொஞ்சம் அழுதேன். திங்கட்கிழமை போனால் என் வேலை மொத்தமும் முடிந்திருந்தது. செய்தவர் முடியாதுங்க.

"நான் கேட்டப்ப மாட்டேன்னீங்களே?"

"நீங்க ஒளிஞ்சுக்கறதுக்குக் கேட்டீங்க. மேனேஜரு வேலைக்குக் கேட்டாருங்க. சும்மாதான இருந்தேன், சரின்னுபோட்டேன்."

அவருக்கு நான் பட்ட நன்றிக்கடன் கொஞ்சநஞ்சமல்ல. போன வாரம் மருமகன் பிறந்தநாள் விருந்துக்குக் கூப்பிட்டேன். "வாரேனுங்க" என்றார். எங்கள் பக்கம் நூறு பேர் அப்படிச் சொல்வார்கள். பத்துப் பேர் வருவார்கள். பந்தி உட்கார்ந்துவிட்டது, ஆளைக் காணோம். தங்கச்சியின் மாமனாரே என் பக்கத்து இலையில் உட்கார வந்தார்.

"முடியாதுங்க மாமா," என்றேன். "அந்த எலைக்கு ஆளு வருதுங்க."