சிங்காரம் மெதுவாக்கிய நெட்டு

வீட்டுக்கு வரும் இன்டர்நெட்டின் கழுத்தை நெரித்துவிடுவது என்று சிங்காரம் தீர்மானித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஆறு மணி பதினெட்டு நிமிடத்துக்கு. நேரம் அவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், ஆறு மணியிலிருந்து அவர் காபிக்காகக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளறையில் அவர் மனைவி ஹேமாவதி போனுக்கு முன்னால் நின்று புடவை விற்றுக்கொண்டிருந்தாள். எல்லாம் அவர்களுடைய நான்கு விசைத்தறியில் நெய்த புடவைகள். தினமும் ஆறிலிருந்து எட்டு வரை நேரலை. முந்நூறு பேர் பார்ப்பார்கள். வியாபாரத்தில் சிங்காரத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பகல் முழுக்கத் தறிச் சத்தத்தில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காத வீடு அது. தறியை நிறுத்திவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ள இருந்ததே அந்த இரண்டு மணி நேரம்தான். அதில் இப்போது முந்நூறு பேர் புகுந்துவிட்டார்கள். அவருக்கு ஏக்கமாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

"காபி..." என்றார் கதவோரம் நின்று.

"நாப்பத்திரெண்டாம் நம்பர், மாம்பழ கலர், புக் ஆயிடுச்சிக்கா," என்றாள் ஹேமாவதி போனைப் பார்த்து. பிறகு திரும்பாமலே புருஷனிடம், "பாவா, வெளிச்சத்துக்குக் குறுக்கால நிக்காதீங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு சிங்காரம் நவீன்குமாரின் கடையில் இருந்தார். அந்தப் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் கேபிள் இழுத்து நெட் கொடுப்பவன் அவன்தான்.

"இது செய்யக் கூடாதுண்ணா. ரூல் பிரகாரம் எல்லாத்துக்கும் ஒரே ஸ்பீடுதான் குடுக்கணும். ஒண்ணத் தூக்கி ஒண்ண அமுக்கக் கூடாது."

"என் கனெக்‌ஷன்டா. என் வீட்ல நான் அமுக்கறேன், உனுக்கு இன்னா? மெசேஜ் ஓடட்டும். வீடியோ மட்டும் ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் இழுத்துகினு நிக்கணும்."

நவீன்குமார் தலையைச் சொறிந்துகொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தான். "உங்க வீட்ல ரெண்டு போனு ஓடுது. ஒண்ணுல ஆறுலேர்ந்து எட்டு லைவ் போவுது."

"அதான், அதான்! வேற இன்னா பாக்கறா? சொல்லு, சொல்லு!" சிங்காரம் மேஜை மேல் ஏறாத குறை.

"அதுல வேற ஒண்ணுமில்ல. இன்னொரு போனுதான். தெனமும் மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் ஒரே வீடியோவா ஓடுது. யாருதுண்ணா அது?"

அது சிங்காரத்தினுடையது. சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு அவர் கிடாச் சண்டை பார்க்கும் நேரம்.

"அடுத்தவன் வீட்டு விசயத்த எதுக்குடா நோட்டம் வுட்டுகினு கீற?" என்று எரிந்து விழுந்தார். மனைவியைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அது அடுத்தவன் வீட்டு விஷயமாக இருக்கவில்லை.

"சரி, உடுங்க. ஓடிபி ஒண்ணு வரும், அக்கா நம்பருக்கு. அதக் கேட்டுச் சொல்லுங்க."

"அவ நம்பருக்கு எதுக்கு?"

"கனெக்‌ஷன் அக்கா பேர்லதான கீது. உங்க ஆதார்ல நகரி அட்ரஸ் இருந்துச்சு. ஆந்திரா அட்ரஸுக்குத் திருத்தணியில லைன் தர முடியாதுன்னு அப்பவே சொன்னேனே."

கல்யாணமாகி இருபது வருஷமாகத் திருத்தணியில் குடியிருந்தாலும் ஆதாரில் சிங்காரம் இன்னும் நகரிக்காரர்தான். முகவரியை மாற்றுங்கள் என்று ஹேமாவதி சொல்லாத மாதமில்லை. அதையே சாக்காக வைத்து அவளுக்குப் போன் போட்டார்.

"ஹேமா, ஆதார் மாத்தற எடத்துல கீறேன். உன் போனுக்கு ஒரு நம்பர் வரும், சொல்லு."

அந்தப் பக்கம் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது.

"ஆங், வந்துச்சு பாவா." ஆறு எண்களையும் நிதானமாகச் சொன்னாள். "நல்ல காரியம் பண்றீங்க. பண்ணுங்க."

அன்று சாயங்காலம் நேரலையில் ஹேமாவதியின் கை புடவையோடு அந்தரத்தில் நின்றது. வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. ஆறே காலுக்கு அவள் போனை மூடிவிட்டாள். ஆறு இருபதுக்கு சிங்காரத்தின் கையில் சூடான காபி. பக்கத்தில் ஹேமாவதி. அவருக்கு உலகமே தன் கைக்குள் வந்தது போலிருந்தது.

"பாவா, நம்ம தெருவுல போன் சிக்னலும் சரியில்ல. மலை மேல நல்லா எடுக்குதுன்னு பக்கத்து வீட்டு ஞானம்மாள் அக்கா சொன்னாங்க. நாளைலேர்ந்து லைவ் அங்கதான்."

"போய்ட்டு வா."

"நெட்டு சரியாவற வரைக்கும் ரெண்டு பேரும் படியேறியே வரோம்னு முருகனுக்கு வேண்டிகினேன்."

"ரெண்டு பேருமா? என்ன எதுக்கு சேத்த?"

"மூட்டைய யாரு தூக்கறது?"

"ஆட்டோல போலாமே?"

"வேண்டுதல் பாவா."

வேண்டுதல் என்ற பிறகு சிங்காரம் எதிர்த்துப் பேசமாட்டார். முந்நூற்று அறுபத்தைந்து படி. தலையில் நாற்பது புடவை. மேலே போய் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கோயிலுக்கு வெளியே கைப்பிடிச் சுவரோரம் அவரை நிறுத்தி, தோளில் புடவையை விரித்துப் போட்டு ஹேமாவதி நேரலையைத் தொடங்கிவிடுவாள். 'மாமா, முந்தானையைக் காட்டுங்க', 'மாமா, கொஞ்சம் திரும்புங்க' என்று போன் திரையில் எழுத்து ஓடும். மாமா திரும்புவார். பார்ப்பவர்கள் ஒரே வாரத்தில் தொள்ளாயிரம் பேர் ஆனார்கள்.

அதுவாவது போகட்டும். மத்தியானத்துக் கிடாச் சண்டையும் போய்விட்டது. இரண்டு கிடாவும் பின்வாங்கி, பாய்ந்து வந்து, ஒரு முழ தூரத்தில் அப்படியே நின்றுவிடும். அரை மணி நேரம் காத்திருந்தாலும் முட்டாது. பதினைந்தாவது நாள் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு சிங்காரம் நொண்டிக்கொண்டே நவீன்குமார் கடைக்குப் போனார்.

"எல்லாத்தையும் எடுத்துடுறா. ஆறுலேர்ந்து எட்டுன்னா, நீ நாள் பூரா அமுக்கி வெச்சிகினு கீற!"

"அத மறுநாள் காலைலயே அக்கா வந்து எடுத்துட்டாங்களேண்ணா. உங்க வீட்டு லைன் ரெண்டு வாரமா ஃபுல் ஸ்பீடுல ஓடுது."

"அப்ப என் போனு?"

"அத மட்டும் நாள் பூரா மெதுவா வுடச் சொன்னாங்க. நீங்க சொல்லி ஒரு தப்பு செஞ்சேன். லைனுக்குச் சொந்தக்காரங்க சொல்லி செய்யாம இருக்க முடியுமா?"

"நான் பண்ணது அவளுக்கு எப்டிடா தெரிஞ்சுது?"

"ஓடிபி எதுக்குன்னு மெசேஜ்லயே எழுதியிருக்கும்ணா. தமிழ்ல."

சிங்காரம் அங்கிருந்தே போன் போட்டார். "ஹேமா! வீட்ல நெட்டு நல்லாத்தான ஓடுது! எதுக்கு என்ன மலையேத்திகினு கீற?"

"உங்க போனுல ஓடலியே பாவா. நெட்டு சரியாவற வரைக்கும்னுதான் வேண்டிகினேன். யார் போனுலன்னு சொல்லல."

"ஏன்டி இப்டி?"

"என்கூடப் பேசணும்னா என்கிட்ட கேக்கணும். நெட்டுக்காரன்கிட்ட கேக்கக் கூடாது." பிறகு குரல் தணிந்தது. "படியேறும்போது பேசிகினேதான போறோம்?"

அது உண்மைதான். தங்கை மகள் கல்யாணம், சாயம் போகிற நூல், ஹேமாவதிக்கு வரும் தலைவலி என்று இந்த இரண்டு வாரத்தில் பேசியது போல் இரண்டு வருஷமாகப் பேசியதில்லை. இருந்தாலும் கெண்டைக்கால் வலி என்று ஒன்று இருக்கிறதே.

"தப்புதாம்மா. இனிமே உன்னக் கேக்காம லைன்ல கை வெக்கமாட்டேன். நவீனு ஓடிபி அனுப்பறான். சொல்லிடும்மா."

"ஆங், சொல்றேன். நாலு... ஏழு... ஒண்ணு... ஒம்போது... ரெண்டு..."

"அப்பறம்?"

"கடைசி நம்பர மலை மேல போய்ச் சொல்றேன். மூட்டை வாசல்ல கீது, வந்துடுங்க."

போன் வைக்கப்பட்டது. நவீன்குமார் கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஓடுங்கண்ணா, அந்த நம்பர் பத்து நிமிஷத்துல செத்துடும்."