வெயிலுமுத்துவின் நாமினி

"பெயர் பொருந்தவில்லை" என்று செல்போனில் மியூச்சுவல் ஃபண்டு ஆப் மூன்றாவது முறையாகச் சொன்னபோது, வெயிலுமுத்து பழியைத் தாராவி நெட்வொர்க்கின் தலையில் போட்டார்.

அடுத்த மாதம் ஐரோலி கம்பெனியில் ரிட்டையர்மென்ட். ஜாயின்ட் அக்கவுன்டிலிருந்து பத்து வருடமாக மாதம் மூவாயிரம் மியூச்சுவல் ஃபண்டுக்குப் போயிருந்தது. இனி சம்பளத்துக்குப் பதிலாக அதுதான் மாதாமாதம் வர வேண்டும். லோக்கல் ரயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்த யாரும் ஓய்வுக்காலத் திட்டம் பற்றிப் பாடம் கேட்காமல் இறங்கியதில்லை.

வீட்டிலும் அதே பாடம்தான். மாவு அரைத்து விற்கப் பெரிய கிரைண்டர் வாங்கலாமே என்று அதில் கொஞ்சம் கேட்ட மனைவி கோமதிக்கு அவர் விளக்கியிருந்தார்:

"ஏளா, ஃபண்டு என் பேருல இருக்கு. நீ வெறும் நாமினி. நான் மண்டையப் போட்டாத்தான் உன் கைக்கு வரும்."

"அப்போ அவசரமில்ல," என்றாள் கோமதி.

கோளாறு சர்நேமில்தான் என்று கண்டுபிடித்தார். மும்பை ஃபாரங்களில் பெயருக்கு மூன்று கட்டம். அவரிடம் இருந்ததோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். ஆதார் சென்டர்க்காரர் காலிக் கட்டத்தில் அப்பா சுடலைமுத்துவை உட்கார வைத்தார். உடனே பாங்க் கோபித்துக்கொண்டது. பாங்கைச் சமாதானம் செய்தால் பான் கார்டு முரண்டு பிடித்தது. அதையும் மாற்றினார். இந்தப் பெயரில் இங்கே யாரும் வேலை பார்க்கவில்லை என்று கம்பெனி கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்தது.

"முதல்ல ஃபண்டு ஃபாரம் எழுதுனது யாரு?" என்றாள் கோமதி.

ஏஜென்ட் நாகூர் கனி. சர்நேம் கட்டம் காலி என்று ஃபாரம் இரண்டு தடவை திரும்பி வர, மூன்றாவது தடவை கணவன் மனைவி இருவர் பேப்பரையும் அள்ளிக்கொண்டு போய் அவரே முடித்துக்கொடுத்தார்.

"படிச்சுப் பாத்துதான கையெழுத்துப் போட்டீங்க?"

"படிக்காம?" என்றார், பேனா கொடுத்தது மட்டுமே ஞாபகமிருந்த வெயிலுமுத்து. "ஆப்பத் தொறந்தாலே 'வெல்கம் வெயிலுமுத்து'ன்னுல்லா வருது."

கடைசியில் இருவரும் மாட்டுங்காவில் ஃபண்டு ஆபீசுக்கே போனார்கள். கோமதியின் பையில் ஃபைலோடு கிரைண்டர் கடையின் விலைத்தாளும் இருந்தது. கவுன்டரில் பிரேமலதா என்ற பெண் கம்ப்யூட்டரில் தேடும் நேரத்தை வீணாக்காமல், இள வயதிலேயே சேமிக்கத் தொடங்குவதன் அவசியத்தை வெயிலுமுத்து அவளுக்கு எடுத்துரைத்தார்.

அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, பேனாவைக் கோமதி பக்கம் தள்ளினாள்.

"அங்கிளுக்கு டென்ஷனே வேண்டாம் மேடம். ஃபண்டு கோமதி வெயிலுமுத்துன்னு உங்க பேர்ல இருக்கு, நீங்க ஒரு சைன் போட்டா பணம் வந்துடும். அங்கிள் வெறும் நாமினிதான்."