ஐநூறு கிராம் டிரிகரும் ஒரு லாரியும்

நாற்பத்தாறாவது வயதில் கண்ணாடிக்காரர் தீவிர விளையாட்டு வீரராவது என்று முடிவெடுத்தார். முடிவெடுத்த இடம் துப்பாக்கி சுடும் கிளப்பின் அறிவிப்புப் பலகை. காரணம் விளையாட்டு அல்ல, வீட்டுச் சாமான்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவர் தொழில். ஞாயிறு காலையில் கிளப்புக்குப் போய், பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையைக் காற்றுத் துப்பாக்கியால் சுடுவது பொழுதுபோக்கு. மூன்று வருஷம் கிளப்பின் பழைய பிஸ்டலோடு காலம் தள்ளியவர், போன மாதம்தான் சொந்தமாகப் புதுசு ஒன்று வாங்கினார். போட்டிக்கென்றே செய்தது. அதன் மரப்பிடியைத் தன் உள்ளங்கைக்குத் தக்கபடி அரத்தால் தேய்த்து, பள்ளம் விழுந்த இடத்தில் மரப்பசை அப்பி, மறுபடி தேய்த்து, ஒரு வாரம் அதோடு குடித்தனம் நடத்தினார். எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

"என் கையை என்னிக்காவது இப்படிப் பிடிச்சிருக்கீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"உன் கைக்கு அரம் போட முடியாதே" என்றார். அன்று அவருக்குக் காபி தாமதமாக வந்தது.

மனைவிக்குத் தபால் ஆபீஸில் பார்சல் கவுண்டர். பதினெட்டு வருஷமாகப் பொட்டலங்களைக் கையில் வாங்கி வாங்கி, தராசில் வைப்பதற்கு முன்பே எடை சொல்லிவிடுவாள். தராசுக்கும் அவளுக்கும் வித்தியாசம் வந்தால் ஆபீஸில் தராசைப் பழுது பார்க்கத்தான் ஆள் கூப்பிடுவார்கள்.

இந்த மாத ஆரம்பத்தில் அவள் ஒரு செய்தி சொன்னாள். "மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வீடு மாத்தறோம். லாரி சொல்லியாச்சு."

கண்ணாடிக்காரர் மனசுக்குள் படிகளை எண்ணினார். புது வீடு நாலாவது மாடி. லிஃப்டில் ஆள்தான் ஏறலாம், பீரோ ஏறாது. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் மூன்று முறை வீடு மாற்றியிருக்கிறார்கள். மூன்று முறையும் அவர் ஒரு தட்டைக்கூடத் தொட்டதில்லை. முதல் தடவை இடுப்புப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது தடவை கடையில் சரக்கு எண்ணும் வேலை வந்தது, வரவழைத்தவர் அவர்தான். மூன்றாவது தடவை எந்தச் சாக்கும் கிடைக்காமல் லாரி வருகிற காலையில் போய் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டார். நல்ல பல். இன்றைக்கும் முறுக்கென்றால் அந்தப் பக்கம் மெல்ல முடிவதில்லை. நாலாவது தடவைக்கு இன்னொரு பல்லை இழக்க அவர் தயாராக இல்லை.

அப்படியே குழம்பிக்கொண்டு கிளப்புக்குப் போனவர் கண்ணில்தான் அந்த அறிவிப்பு பட்டது. வெளியூரில் கிளப்புகளுக்கிடையே போட்டி. நம் கிளப்பிலிருந்து மூன்று பேர் கொண்ட அணி போகும். அணியைத் தேர்ந்தெடுக்கும் சுற்று மூன்றாவது ஞாயிறு. போட்டி நடக்கும் நாள், மாதத்தின் கடைசி ஞாயிறு.

அவர் இரண்டு தடவை படித்தார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முதல் மூன்று பேருக்குள் வந்துவிட்டால், லாரி வரும்போது அவர் வெளியூரில் ஒரு கையைப் பேன்ட் பையில் விட்டுக்கொண்டு மறு கையால் சுட்டுக்கொண்டிருப்பார். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இதுவரை கிளப்பில் அவருடைய இடம் ஏழோ எட்டோ. ஆகவே உழைக்க வேண்டும். உழைக்காமல் இருப்பதற்காக ஒரு மனிதன் இவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கே சற்று வருத்தமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டார்.

"இங்க பாரு, இனிமே ரெண்டு வாரம் நான் கனமானது எதையும் தூக்கக் கூடாது. கை ஆடும்."

"சரிங்க."

"துணி பிழியக் கூடாது. தேங்காய் துருவக் கூடாது."

"இதுக்கு முன்னாடி துருவியிருக்கீங்களா?"

"இனிமேயும் கூடாதுங்கறேன். அப்புறம், வீட்ல வாக்குவாதம் கூடாது. நாடித்துடிப்பு ஏறினா குண்டு விலகும். இது கிளப் கோச் சொன்னது."

மனைவி கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். "அப்ப நான் ஏதாவது சொன்னா?"

"சொல்லு. அமைதியா சொல்லு."

"நீங்க மறுத்துப் பேச மாட்டீங்க?"

"மாட்டேன்."

"கோச் ரொம்ப நல்ல மனுஷர்" என்றாள் மனைவி.

அடுத்த இரண்டு வாரத்தில் அந்த வீட்டில் நடந்தது, பதினான்கு வருஷத்தில் நடக்காதது. மாலையில் கண்ணாடிக்காரர் வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, பிஸ்டலை நீட்டி, குண்டு போடாமல் டிரிகரை மட்டும் இழுத்துப் பழகுவார். நூறு தடவை. அவர் கையை நீட்டுகிற நேரம் பார்த்து மனைவி வருவாள்.

"என்னங்க, உங்க சாய்வு நாற்காலியைப் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடறேன். கால் உடைஞ்சதுதானே?"

அது அவருடைய உயிர். அவர் மூச்சை இழுத்தார். பாதியை வெளியே விட்டார். பிஸ்டல் முனையில் குறி பார்க்க வைத்திருக்கும் முன்குறியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி" என்றார்.

மறுநாள் அவர் பதினைந்து வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த பத்திரிகைகள் போயின. அதற்கு மறுநாள் ஓடாத மூன்று கடிகாரங்கள். வியாழக்கிழமை, புது வீட்டின் திரைச்சீலைகள் ஊதா நிறம் என்று முடிவானது. ஊதாவைக் கண்டால் அவருக்கு ஆகாது. "சரி" என்றார். நாடித்துடிப்பு எழுபத்திரண்டு.

எல்லாவற்றையும் அவர் பொறுத்துக்கொண்டது ஒரே கணக்கில்தான். நாற்காலி போகட்டும், கடிகாரம் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் இருந்தால் போதும்.

தேர்வுச் சுற்றன்று பிஸ்டல் பெட்டியை மனைவிதான் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் கனம் தூக்கக் கூடாதே! வெறுங்கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்தவரைப் பார்த்துக் கிளப் வாசலில் நாலு பேர் சிரித்தார்கள். அவர் கவனிக்கவில்லை. கவனச் சிதறல் கூடாது.

சுடுவதற்கு முன்னால் ஒரு மேஜையில் பிஸ்டலைப் பரிசோதிப்பார்கள். டிரிகர் மிகவும் இலேசாக இருக்கக் கூடாது என்பது விதி. டிரிகரில் ஐநூறு கிராம் எடையைத் தொங்கவிட்டு பிஸ்டலைத் தூக்குவார்கள். எடையைத் தாங்கினால் உள்ளே. 'டிக்' என்றால் வெளியே.

டிக்.

கண்ணாடிக்காரருக்குப் பேயறைந்த மாதிரி ஆனது. "வீட்ல தாங்கிச்சே! ராத்திரிகூடப் பார்த்தேனே!"

"இன்னும் ஒரு தடவைதான் பார்ப்போம். பன்னிரண்டு நிமிஷம் இருக்கு" என்றார் மேஜைக்காரர். எடையைக் கொஞ்சம் இரவல் கேட்டதற்கு, அது மேஜையை விட்டு நகராது என்று சொல்லிவிட்டார்.

அவர் ஓரமாக ஒதுங்கினார். திருகாணியைக் கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினால் பரிசோதனையில் தேறிவிடலாம். ஆனால் டிரிகர் கல்லாகிவிடும். இரண்டு வாரமாக விரல் பழகிய எடை போய்விடும். அறுபது குண்டும் அட்டையில் கண்ட இடத்தில் மேயும். அத்தோடு ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று. நாலு மாடிப் படிகள் அவர் கண்முன் வந்து நின்றன.

"வீட்ல எதை வச்சுப் பார்த்தீங்க?" என்றாள் மனைவி.

"சர்க்கரைப் பாக்கெட். நூல்ல கட்டித் தொங்கவிட்டேன். அரைக் கிலோன்னு மேலயே போட்டிருக்கு!"

"வாயில கிளிப் போட்டிருந்துதே, பார்க்கலையா? அதுலேர்ந்துதானே ரெண்டு நாளா காபி குடிக்கறீங்க. நானூத்தி அறுபதுதான் இருக்கும்."

"தெரிஞ்சுமா சொல்லலை?"

"'பாக்கெட் குறையா இருக்குங்க'ன்னு ஆரம்பிச்சேன். 'வாக்குவாதம் கூடாது'ன்னு கையைக் காட்டினீங்க."

காட்டியிருந்தார்.

மனைவி கைப்பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினாள். கொஞ்சம் தண்ணீரைச் செடியில் ஊற்றினாள். மறுபடி ஏந்திப் பார்த்தாள். இன்னும் ஒரு மடக்கு குடித்தாள். "ஐநூத்தி அஞ்சு. நூலையும் சேர்த்துச் சொல்றேன். கட்டுங்க."

அவர் கட்டினார். திருகாணியைக் கால் சுற்று, அதில் பாதி, அதிலும் பாதி என்று திருப்பினார். பாட்டில் தொங்கியது. டிரிகர் அசையவில்லை. மேஜையிலும் அசையவில்லை.

"தராசு ஏதும் கொண்டு வந்தீங்களா?" என்று மேஜைக்காரர் ஆச்சரியப்பட்டார்.

"ஆமாம்" என்றார் கண்ணாடிக்காரர்.

அன்றைக்கு அவர் சுட்டதை அவராலேயே நம்ப முடியவில்லை. பிடி கையில் ஒட்டிக்கொண்டது. டிரிகர் நினைத்தபோது விழுந்தது. அறுநூற்றுக்கு ஐநூற்று ஐம்பத்தொன்று. மூன்றாவது இடம். நான்காவது ஆளைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். பின்வரிசையில் மனைவி எழுந்து நின்று கை தட்டினாள்.

அந்தக் கைதட்டல்தான் அவரை என்னவோ செய்தது. தான் தப்பித்து ஓடுவதற்கான கதவை இவளே திறந்துவிட்டு, அது தெரியாமல் கையும் தட்டுகிறாளே என்று நினைத்தார். ஒரு நிமிஷம் வெட்கமாக இருந்தது. நாலாவது மாடியை நினைத்ததும் சரியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் முகத்தில் சோகத்தைப் பூசிக்கொண்டு சொன்னார். "ஒரு சிக்கல். அணிப் போட்டி கடைசி ஞாயிறாம். அன்னிக்குத்தானே லாரி?"

"ஐயையோ."

"வேணும்னா நான் போகலைன்னு சொல்லிடறேன்."

சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார். கையில் பிஸ்டல் இருந்திருந்தால் முன்குறி லேசாக ஆடியிருக்கும்.

"சேச்சே! இவ்வளவு பாடுபட்டுட்டு? போயிட்டு வாங்க. நான் பார்த்துக்கறேன்."

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள்! சனிக்கிழமை புறப்படும்போது அவர் கண் கலங்கியது நிஜம்தான். ஞாயிறு காலை, முதல் சுற்றுக்கு முன் பொறுப்பாக வீட்டுக்குப் போன் செய்தார்.

"வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"மூட்டை கட்டிட்டிருக்கேன். நீங்க நிம்மதியா சுடுங்க."

நிம்மதியாகச் சுட்டார். அணிக்கு மூன்றாம் பரிசு. ஆளுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு கோப்பை. பிற்பகல் ரயிலில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு ஊர் வந்து, தன்னிடமிருந்த சாவியோடு நேராகப் புது வீட்டுக்குப் போனார். ஊதாத் திரைச்சீலையைக்கூடப் பாராட்டிவிடுவது என்று லிஃப்டிலேயே தீர்மானித்துக்கொண்டார்.

கதவைத் திறந்தார். "வந்துட்டேன்!" என்றார். "வந்துட்டேன்" என்று வீடும் திருப்பிச் சொன்னது.

ஒரு நாற்காலி இல்லை. ஒரு டம்ளர் இல்லை. சமையலறையில் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. லாரி சாமானோடு ஓடிவிட்டதா? கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மனைவிக்குப் போன் செய்தார்.

"எங்க இருக்கே? இங்க ஒண்ணுமே இல்லை!"

"நான் வீட்லதான் இருக்கேன். நீங்க அங்க என்ன பண்றீங்க?"

"சாமான் எங்கே?"

"இங்கதான். லாரி நாளைக்குத்தானே வருது?"

"ஞாயித்துக்கிழமைன்னு சொன்னியே!"

"உங்ககிட்ட ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேன். லாரிக்காரர்கிட்ட திங்கட்கிழமைன்னு சொன்னேன்."

அவர் தரையில் உட்கார்ந்தார். உட்கார வேறு எதுவும் இல்லை.

"போன மாசமே உங்க போட்டி போஸ்டர் ஒண்ணு எங்க ஆபீஸ் பலகையில ஒட்ட வந்துது" என்றாள் மனைவி, எடை சொல்கிற அதே குரலில். "நான் எந்தத் தேதி சொன்னாலும் அன்னிக்கு நீங்க இருக்கப்போறதில்லை. சும்மா இன்னொரு பல்லு எதுக்குப் போகணும்? அதான் போட்டித் தேதியையே சொன்னேன்."

"நாளைக்கு எனக்குக் கடை இருக்கு."

"முதலாளிகிட்ட லீவு வாங்கியாச்சு. அணியில இடம் கிடைச்சதுக்கு வாழ்த்தும் சொல்லச் சொன்னார்."

"இடுப்பு லேசா…"

"ரெண்டு வாரமா ஒண்ணுமே தூக்காத இடுப்புங்க அது."

அவர் கடைசி குண்டைப் போட்டார். "பீரோவைத் தூக்கினா கை ஆடும், தெரியுமில்ல?"

"கோச்சைக் கேட்டேங்க. அடுத்த போட்டிக்கு ஆறு மாசம் இருக்காம். ஆடட்டும்."