தொர்கினை இளைக்க வைத்த குடும்பம்

ஒரு பெண்ணின் எடையைக் குறைக்க உலகத்தில் எத்தனையோ டாக்டர்கள் பாடுபடுகிறார்கள். அதைக் குடும்ப லட்சியமாகவே ஏற்று நடத்திய பெருமை, தராஸ் நகரில் என் புகுந்த வீட்டை மட்டுமே சேரும். நான் மூத்த மருமகள். மெச்சிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

என் கொழுந்தன் பெக்சாத்துக்கும் தொர்கினுக்கும் கல்யாணமாகி ஐந்து வருடம். குழந்தை இல்லை. அரசாங்கச் செலவில் செயற்கைக் கருத்தரிப்புக்கு இடம் கிடைத்தது. வசந்தத்துக்குள் தொர்கினின் எடை குறையாவிட்டால் அந்த இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும் என்றார் டாக்டரம்மா. கணவனுக்கும் பரிசோதனை வேண்டும் என்றார். அந்த இரண்டாவது வாக்கியம் மட்டும் எப்படியோ வீடு வந்து சேரவில்லை.

உடனே என் மாமியார் குல்பாஷ் 'எடைக் குறைப்பு ஆலோசனைக் கூட்டம்' கூட்டினார். நல்ல காரியமாயிற்றே, ஆடு அறுத்தோம். தொர்கின் ரொட்டியைத் தொடக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அவள் பங்குக் குதிரைக்கறியையும் தானே தின்னும் தியாகத்தைப் பெக்சாத் ஏற்றுக்கொண்டான். அவன் உட்கார்ந்தால் நாற்காலி முனகும், ஆனாலும் சளைக்கவில்லை.

தொர்கின் வாய்க்கால் ஓரமாக நடக்கப் போனாள். புருஷன் துரத்திவிட்டானா என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள். குடும்ப மானம் கருதி நடை ரத்தானது. பதிலுக்குத் தினமும் விருந்தாளிகளை அழைத்து, அவளைத் தேநீர் ஊற்றவிட்டு, வீட்டுக்குள்ளேயே 'உடற்பயிற்சி' ஏற்பாடு செய்தோம்.

போதாததற்கு, ஊரில் எந்த வீட்டில் தொட்டில் போட்டாலும் மாமியார் போய், மிஞ்சிய விருந்தைக் கட்டி வாங்கி வந்துவிடுவார். அதை வேண்டாமென்றால் அந்த வீட்டு ராசியையே வேண்டாமென்றதாகிவிடும்.

"பிள்ளை பெத்தவ வீட்டுச் சாப்பாடு. ஒரு வாய் போட்டுக்கோ."

"அத்தை, கொழுப்பு கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்களே."

"இது கொழுப்பில்லடி, ஆசீர்வாதம்."

ஆசீர்வாதம் ஆட்டு வால்கொழுப்பில் மிதந்துகொண்டிருந்தது. மாமியார் திரும்பிய நேரம் பார்த்து நான் பாதியை விழுங்குவேன். மூன்று பெற்றவள் நான்; எனக்கு இனி எந்த ராசியும் வேண்டாம்.

எங்கள் இத்தனை உதவிகளையும் மீறித் தொர்கின் இளைத்தாள். தான் பாடம் சொல்லித்தரும் பள்ளிக்கூட மைதானத்தை யாருக்கும் சொல்லாமல் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறாள். பாவம், அவ்வளவு ஆசை அவளுக்கு.

வசந்தத்தில் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தொர்கின் எடை மெஷினில் ஏறினாள். "போதும்மா, ஆரம்பிச்சிடலாம்" என்றார் டாக்டரம்மா. தொர்கின் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

டாக்டரம்மா பெக்சாத்தைப் பார்த்தார். "இப்ப நீங்க ஏறுங்க. அப்புறம் ரத்தம், விந்து ரெண்டும் பரிசோதிக்கணும்."

காரைச் சரியாக நிறுத்தவில்லை என்று அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போனவன் திரும்பவில்லை. தங்கள் வம்சத்து ஆண்களுக்கு அந்த வழக்கம் இல்லை என்று மாமியார் மிகுந்த கண்ணியத்தோடு விளக்கினார். கணவர் வராமல் தொடங்க முடியாது, இந்த வாரம் தாண்டினால் இடம் போய்விடும் என்று டாக்டரம்மா கையை விரித்தார்.

பெக்சாத் காரிலேயே உட்கார்ந்திருந்தான். நாங்கள் ஏறியதும் தொர்கின் வாய் திறந்தாள். "அஞ்சு வருஷமா என்னையே நிறுத்துப் பாத்தீங்களே. ஒரே ஒரு தடவை இவரை ஏத்திப் பாருங்க."

மாமியார் கோபப்படவில்லை. "இன்னும் ரெண்டு கிலோ இளைச்சுடு, எல்லாம் சரியாப் போயிடும்" என்றார் பரிவோடு. பெக்சாத் தலையாட்டிக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

தொர்கின் எலும்பாகத் தேய்ந்தாலும் எங்கள் வீட்டு ஆண்பிள்ளையை யாரும் நிறுத்துப் பார்க்கமாட்டோம். அவ்வளவு மரியாதை. அந்த மரியாதைதான் அவளுக்குப் பிறக்கவேண்டிய பிள்ளையைத் தின்றுகொண்டிருக்கிறது.